கடலில் யுரேனியம் பிடிக்கும் நூல், சங்கரன்கோவிலில்

போன சனிக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போனது சாமி கும்பிட அல்ல, சந்தேகத்தில்தான். முந்தின நாள் என் தங்கை கோமதி போன் செய்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரவுக நாலு விசைத்தறியையும் வித்துட்டு, எவனோ குடுக்குற மெஷின்ல யுரேனியம் பிடிக்க வலை நெய்யப் போறாவளாம். நாளைக்கு மூணு மணிக்குப் பழைய இரும்புக்காரர் லாரி வருது." நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலியில் காலை 8.10 பஸ். 56 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் காதைப் பொசுக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

மதியம் மெஷின் விற்கிற அந்த 'சார்' கோமதி வீட்டுக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் மஞ்சள் நூல்கண்டு. "அமிடாக்சிம் ஏத்தின அக்ரிலிக் நூல் சார். கடல்ல போட்டா யுரேனியம் ஒட்டிக்கிடும்."

அதுவரை உண்மைதான். அமிடாக்சிம் என்ற வேதிப்பொருள் அப்படிப் பிடிக்கும். ஆனால் ஒரு டன் கடல்நீரில் இருப்பதே மூன்று மில்லிகிராம் சொச்சம். வாரக்கணக்கில் ஊற வேண்டும். "வனேடியமும் சேர்ந்து ஒட்டுமே?" என்று மடக்கினேன்.

"ஒட்டும் சார். ஆசிட்ல கழுவிப் பிரிச்சிருவோம்."

பாடம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்! சந்தேகம் கூடியதே தவிர பிடி கிடைக்கவில்லை. மணி இரண்டே முக்கால்.

கோமதிதான் கணவரிடம் கேட்டாள்: "நூல எரிச்சுப் பாத்தியளா?"

தறிக்காரர் வீடுகளில் புது நூல் வந்தால் நுனியைக் கொளுத்தி முகர்வார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம், சாம்பல். அக்ரிலிக் உருகிக் கறுத்து மணியாகும். மாப்பிள்ளை கணேசன் கையை உதறினார். "ஏட்டி, சும்மா இரு. யுரேனியம் பிடிக்கிற நூலு, தீப்பக்கம் கொண்டுபோகக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காவ."

அடப்பாவி! கோமதி காத்திருக்கவில்லை. சார் கையிலிருந்த நூலைப் பிடுங்கி அடுப்பில் காட்டினாள். உருகவில்லை. காகித வாசம், கொஞ்சம் சாம்பல். வெறும் சாயம் போட்ட பருத்தி. நூல் எரியும்போதே போன் வருகிறது என்று வெளியே போன சார் திரும்பவே இல்லை. மூன்றேகாலுக்கு வந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம்.

இதே மாதிரி யாராவது உங்கள் ஊருக்கு வந்தால் வேதிப்பொருளின் பெயரில் மயங்காதீர்கள். பெயர் நிஜம், கொண்டுவருகிறவர்தான் சந்தேகம். எதைத் தொடக்கூடாது என்கிறாரோ அதை முதலில் தொட்டுப் பாருங்கள். திரும்ப 5.20க்குப் பஸ் உண்டு.

நான் கிளம்பும்போது கோமதி கணவர்முன் காபியை வைத்தாள். "பதினஞ்சு வருஷமா நான் வாங்கிட்டு வார நூல ஒரு கட்டு விடாம எரிச்சுப் பாத்திய. நேத்து வந்தவன் நூலுக்கு மட்டும் ஒரு தீக்குச்சி எடுக்கலியே?"

எனக்கே சுருக்கென்றது. கணேசன் எழுந்து போய் நாலு தறியையும் ஓட விட்டார். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை.