முதுகுப் பக்கமாக வந்தவர்கள்

நேற்று வேலை முடிந்து குற்றாலத்திலிருந்து தென்காசி திரும்பும் பஸ்ஸில் அலுப்போடு உட்கார்ந்திருந்தேன். குளித்துவிட்டு ஏறியவர்களின் ஈரத்துண்டு வாடை. பக்கத்து சீட்டில் போனில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், "ஐயோ, பின்னால வந்துட்டான்" என்றாள். எனக்கு ஜெபாவின் ஞாபகம் வந்துவிட்டது.

ஜெபாவும் நானும் தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தோம். அப்போது எங்களுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். சீசன் மதியங்களில் ஆள் வராது; ஊரே அருவியில் நிற்கும். ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரில் யாரோ ஏற்றிவைத்த ஒரு விளையாட்டை ஆடுவோம். நம் ஆட்கள் நாலு பேர் காட்டுக்குள் நடப்பார்கள். அரக்கன் பார்க்காதபோது பின்னால் போய்த் தொட்டால் முதல் அடி நமக்கு; அப்புறம் மாறி மாறி. அவன் நம் முதுகைத் தொட்டுவிட்டால் முதல் அடி அவனுக்கு. அதோடு நம் வரிசையும் தலைகீழாகிவிடும். வரிசையின் கடைசியில் பத்திரமாக நின்ற வைத்தியக்காரி முன்னால் வந்து அடி வாங்குவாள். ஜெபா மரத்துக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருப்பாள். நான் நேரே ஓடிப்போய்ச் சாவேன். ஆபீஸில் இப்போதும் அப்படித்தான், விடுங்கள்.

ஒரு மதியம் இரண்டு பெண்களும் ஒரு இளைஞனும் ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வந்தார்கள். ஜெபா செருப்பைக் கழற்றிப்போட்டு, நாற்காலியில் காலை மடக்கி, வாய் நிறைய சிப்ஸோடு, "அடிலே அவன!" என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அரைமணி நேரத்தில் அவள் அம்மாவிடமிருந்து போன். பேசிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"என்னட்டி?"

"மாப்ள வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாவளாம். புடிச்சிருக்காம்."

"இப்ப வந்தாவளே, அவியளா?"

"ஆமா. நான் அவன் மொகத்தக்கூட பாக்கல."

அவனுக்குக் கீழப்பாவூரில் எலக்ட்ரிக்கல் கடை. அந்தச் சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு, ஆள் எப்படி என்று பார்க்கப் போனோம். எதிர்ப் பழக்கடையில், தலையில் துப்பட்டாவோடு நின்றோம். நான் போய்விடலாம் என்றேன். அவள் அவசரப்படவில்லை. ஒரு வயதானவர் எரியாத பல்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"போட்டு ஒடச்சுட்டு இங்கன வந்து நிக்கியா? போலே வெளிய!"

சொன்னதோடு மாப்பிள்ளை அந்தப் பல்பு அட்டைப்பெட்டியைத் தெருவில் வீசினான். அவர் குனிந்து பொறுக்கினார்.

"போதும், வா" என்றாள் ஜெபா.

வீட்டில், கடைக்கே போய்ப் பார்த்துவிட்டேன், முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெண் போய் ஆம்பளையை வேவு பார்த்தாள் என்பதுதான் பேச்சாகப் போனது. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. அச்சன்புதூரில் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடாமல், கேட்டருகிலேயே நின்று பேசினாள்.

"கல்யாணம் நின்னுட்டு. வேலைக்கும் போவக் கூடாதாம். மொத அடி மட்டும்தான நம்மளுக்கு? அடுத்த முற அவங்களுக்கும் வரும்லா."

சிரிக்கத்தான் பார்த்தாள். மறு வருஷம் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டரை மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக்கடை.

போன வருஷம் அவளுடைய பழைய நம்பருக்கு அடித்தேன். ஒரு பெரியவர் எடுத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். சாரி சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ள கெடச்சுதா தாயி?"

இல்லை என்றேன்.