பிள்ளையாரிடம் நான் கேட்ட தடை

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கப்பலும் வரவில்லை. எங்கள் ஜீப்பின் பிரேக் பெடல் மட்டும் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போனது.

சதுர்த்திக்குக் கூடியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தீவில் ரங்கத் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை அப்பா வாடகைக்கு ஓட்டிவந்தார். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஒரு மேடு ஏற வேண்டும். ஏறியதும் பாதை அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும். அடியில் உப்பங்கழி. அதன்மேல் கைப்பிடி இல்லாத மரப்பாலம். பிரேக் இல்லாமல் அந்த இறக்கத்தில் போனவன் திரும்பமாட்டான்.

பிரேக் குழாய்கள் வெடித்திருந்தன. மெயின்லாண்டிலிருந்து முந்தின கப்பலில் வந்த புதுக் குழாய்களையும் ரப்பர் வாஷர்களையும் அப்பா வீட்டு வாசலிலேயே மாட்டினார். பிறகு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தேன். அப்பா சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, அங்கிருக்கும் சின்னத் திருகாணியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் முக்கிவைத்தார். போர்ட் பிளேரில் இந்திக்கார மெக்கானிக்கிடம் தொழில் படித்தவர். வண்டிக்கு அடியில் போனால் அவருக்குத் தமிழ் வராது. "தபாவ்" என்றால் மிதிக்க வேண்டும். "சோடோ" என்றால் விட வேண்டும்.

பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருக்கும்போதே பிரேக் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.

பாண்டி மாமா, என் அம்மாவின் தம்பி, அண்ணாந்து தென்னையைப் பார்த்தார். "கப்பல் வராட்டி என்ன மச்சான்? எண்ணெய் நம்ம தலைக்கு மேலயே தொங்குது."

"வேற எண்ணெய் சேர்க்கக் கூடாதுன்னு டின்லயே எழுதியிருக்கு மாமா" என்றேன்.

"டின்னு இங்கிலீசு பேசும். வண்டிக்கு இங்கிலீசு தெரியுமா, மருமகளே?"

அப்பா சிரித்துவிட்டார். "படிச்ச புள்ள சொல்லிட்ட, கேட்டுக்கிட்டேன். இப்ப பெடல மிதி."

தேங்காய் எண்ணெயை ஊற்றினார்கள். பெடல் கல்லு மாதிரி இறுகி, பிரேக் பிடித்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எதையும் சோதித்துப் பார் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சமிருந்த வாஷர்களில் ஒன்றை ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் போட்டு அடுப்பங்கரையில் வைத்தேன். இன்னொன்றை அப்படியே வைத்துக்கொண்டேன்.

வண்டி நன்றாகவே ஓடியது. "எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு மாப்பிள்ளை மாதிரி போகுது பாரு" என்று மாமா தினமும் கேலி செய்தார்.

சந்தை நாள் காலையில் கிண்ணத்தைப் பார்த்தேன். எண்ணெயில் கிடந்த வாஷர் உப்பிப்போயிருந்தது. மற்றதோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். நகத்தால் அழுத்தினேன். பிய்ந்து வந்தது.

வாசலுக்கு ஓடினேன். அப்பா, அம்மா, மாமா மூவரும் காய்கறி மூட்டைகளோடு கிளம்பிவிட்டிருந்தார்கள். ஜீப் நின்றிருந்த இடத்தில், பின்சக்கரத்துப் பக்கம், சேற்றில் ஒரு பளபளப்பு. குனிந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை.

மேட்டில் ஜீப் முனகி ஏறும் சத்தம் கேட்டது. கத்திப் பார்த்தேன். மழை என் குரலை விழுங்கிவிட்டது. ஓடினாலும் எட்டமாட்டேன். என் படிப்பு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தது, அவர்களை நிறுத்த மட்டும் அதனால் முடியவில்லை.

வேலியோரம், தகரக் கூரைக்குக் கீழே எங்கள் பிள்ளையார் இருந்தார். எல்லோரும் அவரிடம் தடையை நீக்கச் சொல்லித்தான் கேட்போம். நான் சேற்றில் விழுந்து, "அப்பனே, தடை போடு. அவங்களைப் போக விடாதே" என்று கேட்டேன்.

மேலே சத்தம் நின்றது.

எதனால் நின்றது? மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டதா? உருண்டுவிட்டதா? காத்திருந்தேன். மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நடந்தேன். அந்த மேட்டில் நடந்ததுபோல் நான் எங்கும் நடந்ததில்லை.

உச்சியில், பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய படாக் மரத்துண்டு கிடந்தது. அதை இழுத்துவந்த சங்கிலி அறுந்திருந்தது. பக்கத்தில் மரம் இழுக்கும் யானை, நகராமல் நின்றது. கீழ்ப்பாதை மழையில் போய்விட்டதால் இன்றைக்குத்தான் இந்த வழியாக வந்ததாகப் பாகன் இந்தியில் சொன்னார். அந்த யானை யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்பின் மூக்கு மரத்தில் முட்டியிருந்தது. மாமா சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். அப்பாவின் கால் இன்னும் பெடலின் மேல் இருந்தது. பெடல் அடிப்பலகையோடு ஒட்டிக் கிடந்தது.

"மிதிச்சேன் புள்ள" என்றார். "ஒண்ணுமே இல்ல."

மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கம் தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கப்பல் வரும்வரை ஜீப் கொட்டகையில் நின்றது. கிழங்கு தின்றோம். யாரும் முணுமுணுக்கவில்லை. பிரேக் எண்ணெய் வந்ததும் அப்பா டின்னை என்னிடம் நீட்டி, "முதல்ல நீ படி" என்றார். முன்பெல்லாம் பிள்ளையாருக்கு மாலை கட்டுவதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது அது என் வேலை.

உங்கள் வழியிலும் ஏதாவது குறுக்கே வந்து கிடக்கலாம். வேலை தள்ளிப்போகும், கப்பல் நிற்கும், நினைத்தது நடக்காது. பிள்ளையாரைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப்பாருங்கள். எங்களுக்கு இருந்தது உப்பங்கழி.