ஆறு எட்டுக்கு வரும் கடல்

போன மாதம் கடல் பார்க்கப் போனோம். பிரான்ஸில், பிரெத்தாஞ் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, கடலோரம் நீண்ட மதில். கோடையில் சனம் நிறையுமாம். அக்டோபரில் வெளியூர்க்காரர் நாங்கள் மூன்று பேர்தான்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் மனைவி கடற்கரையில் கால் வைத்து இருபது வருடம்.

அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். சுனாமியில் அக்காவை இழந்தவள். கல்யாணம் பேசியபோது, சுவிஸில் இருந்த என்னிடம் டெலிபோனில் கடலைப் பற்றித்தான் கேட்டாள். சம்பளம் கேட்கவில்லை. வீசா கேட்கவில்லை.

“அங்க கடல் இருக்கோ?”

“இல்லை. இன்டர்லாக்கனில ரெண்டு ஏரி இருக்கு.”

“ஏரி எழும்புமோ?”

“எழும்பாது.”

“அப்ப சரி.”

எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. வகுப்பில் கடல் பார்க்காத ஒரே ஆள் தான்தானாம். என்னோடு ஹோட்டல் கிச்சனில் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரன், தாயின் வீடு கடற்கரையில் சும்மா கிடக்கிறது, லீவுக்குப் போய் இரு என்றான். வீட்டில் வந்து சொன்னேன். அவ்வளவுதான். வற்புறுத்த எனக்கு வராது.

மூன்று நாள் கழித்து, மரக்கறி வெட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்.

“மேல் மாடியோ?”

“ஓம். மூண்டாம் மாடி.”

“அப்ப வாறன்.”

ஒரு பகல் முழுக்கக் கார் ஓடி, பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கடல் மதிலை முட்டிக்கொண்டு நின்றது. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

அடுத்த நாள் காலை நான் பாண் வாங்கப் போனேன். பேக்கரி மேட்டில் இருக்கிறது. பாணோடு வெளியே வந்தால், ரோட்டில் என் மனைவி ஓடி வருகிறாள். வெறுங்கால். ஒரு கையில் பாஸ்போர்ட் பை. மறு கையில் பிஜாமாவோடு மகள்.

“கடல் உள்ளுக்குப் போட்டுது. ஓடுங்கோ.”

கீழே பார்த்தேன். உண்மைதான். நேற்று நின்ற கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறும் மணலும். படகுகள் சரிந்து கிடந்தன.

“அம்மா, இஞ்ச ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். வத்தும், பிறகு பெருகும். ஸ்கூல்ல படிச்சனான்” என்றாள் மகள்.

“வத்திறது எனக்குத் தெரியாதோ? எங்கட கடல் வத்தினால் நாலு அடி போகும். இது ஊரை விட்டே போட்டுது.”

எனக்கு என்ன தெரியும்? நான் வயல் ஊரில் வளர்ந்தவன். பாணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விசித்திரம் என்னவென்றால்… இவர்கள் மேலே ஓடி வர, ஊர்ச்சனம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பூட்ஸ், கையில் வாளி. சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போகிறார்கள். சிரித்துக் கதைத்தபடி.

இவள் மகளை விட்டுவிட்டு, அதில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும்.

“போகாதேங்கோ.”

தமிழில் சொன்னாள். ஜெர்மனில் சொன்னாள். திரும்பவும் தமிழில் சொன்னாள். கையை விடவில்லை.

மகள் பள்ளிக்கூடத்து பிரெஞ்சில் விளக்கினாள். முகம் சிவந்து போயிருந்தது. பதினைந்து வயதில், பிஜாமாவோடு, நடு ரோட்டில்… சின்னக் காரியமில்லை.

அந்தப் பெண் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார். பேக்கரிப் படியில் உட்கார்ந்து, இவளையும் உட்கார வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே முழுக்கத் தேதியும் நேரமும். கடல் எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும். வருடம் முழுதுக்கும் அச்சடித்திருந்தது.

சுவிஸில் எல்லாவற்றுக்கும் டைம்டேபிள் உண்டு. ரயிலுக்கு, குப்பை லாரிக்கு, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு. முப்பது வருடம் அதற்குள்தான் வாழ்கிறேன். கடலுக்கும் ஒன்று இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

“எத்தனைக்கு வருமாம்?” இவள் மகளிடம் கேட்டாள்.

“பின்னேரம் ஆறு மணி எட்டு நிமிசத்துக்கு நிறையுமாம். மதில்படியில மேலயிருந்து நாலாவது படி வரைக்கும் வருமாம்.”

“தாண்டினால்?”

மகள் கேட்டுச் சொன்னாள். “தாண்டாதாம். காத்தடிச்சால் மட்டும் அஞ்சு விரல் கூடுமாம்.”

அந்தப் பெண் அன்று மட்டி பொறுக்கவில்லை. மத்தியானம் வரை பேக்கரிப் படியிலேயே இருந்தார். இவ்வளவு பெரிய வற்று இனி இரண்டு கிழமைக்குப் பிறகுதானாம். எழும்பிப் போகும்போது புத்தகத்தை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு மணியிலிருந்து இவள் காவல் நின்றாள். முதலில் பேக்கரி வாசலில். பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம். ஐந்தரைக்கு மதிலடியில்.

அலை இல்லை. சத்தம் இல்லை. தண்ணீர் படகுகளுக்கு அடியில் புகுந்தது. சரிந்து கிடந்தவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இவள் ஒரு கண்ணைப் படியிலும் ஒரு கண்ணை டெலிபோன் காட்டும் நேரத்திலும் வைத்திருந்தாள்.

ஆறு எட்டுக்குத் தண்ணீர் நாலாவது படியைத் தொட்டது. நின்றது.

“சொன்னபடி வந்திட்டுது” என்றாள். டெலிபோனைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“அக்காவும் வாளியோடதான் இறங்கினவ. மீனெல்லாம் தரையில துடிக்குது எண்டு போனவ. நான் கையைப் பிடிக்கேல்லை.”

அக்கா கடலோடு போனது எனக்குத் தெரியும். வாளி தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் அழவில்லை. தண்ணீர் திரும்பி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் படியிறங்கிக் கால் நனைத்தாள். ஒரு கால்தான்.

போகிறதில் பயமில்லை போலிருக்கிறது. எப்போது வருவேன் என்று சொல்லாமல் போகிறதில்தான் பயம். கடலுக்கு மட்டுமா இது?

அந்தப் புத்தகம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் தொங்குகிறது, என் ஷிஃப்ட் பிளானுக்குப் பக்கத்தில். கறி கிளறிக்கொண்டே நேரம் பார்ப்பாள். “இப்ப நாலாம் படிக்கு வந்திருக்கும்” என்பாள். இங்கிருந்து கடல் ஒரு பகல் தூரம்.

நேற்று ஹோட்டலில் வேலை இழுத்துவிட்டது. வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனேன். கதவைத் திறந்தவள் ஃபிரிட்ஜைக் காட்டினாள்.

“கடல் நேரத்துக்கு வந்திட்டுது. உங்களைத்தான் காணேல்லை.”