காய்ச்சற் காலத்து மீன்குழம்பு

கடல் சூழ்ந்த கோணமலையில் மாதுமையாளை ஒரு பாகத்திலேயே வைத்திருப்பதால் கதவு என்ற ஒன்றை அறியாத பெருமானே! இடையில் கதவு வந்த பின்னரே இனித்த ஓர் இல்லறத்தை எழுதப் புகுகிறேன், துணை நில். உன் திருக்கல்யாண நாளாகிய பங்குனி உத்திரம் இன்று.

அப்போது எனக்கு மணமாகி இரண்டாம் ஆண்டு. கணவர் துறைமுகத்தில் சரக்கு இறக்குமிடத்து மேற்பார்வையாளர். நல்லவர், ஆனால் வாய் திறவாதவர். நான் வைத்த குழம்பை உண்பார், கை கழுவுவார், எழுந்து போவார். இறைவனிடம் ஒரு சொல் வேண்டி அடியார்கள் இரக்கும் பதிகங்களை ஓதும்போதெல்லாம் என் மனம் கோயிலில் நில்லாது. என்னை இவருக்குப் பிடிக்கிறதா என்ற ஐயத்தோடு குசினி அடுப்படியில் போய் நிற்கும்.

அவ்வாண்டு உலகெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் கப்பலேறி எங்கள் துறைக்கும் வந்தது. முதலில் படுத்தவர்களுள் இவரும் ஒருவர். வைத்தியர் தனியறையில் வைக்கச் சொன்னார். மாமியாரோ அம்மை நோய்க்குரிய முறைகள் அனைத்தையும் நடத்தினார்: வாசலில் வேப்பிலை, வீட்டில் மீன் ஆகாது, மனைவி அறைக்குள் நுழையலாகாது.

"மாமி, இது அம்மாள் வருத்தம் இல்லையாம். டொக்டர் சொன்னவர்."

"டொக்டருக்கு அம்மாளைத் தெரியுமோ? பேசாமல் கஞ்சியைக் கதவடியிலை வை பிள்ளை."

வைத்துவிட்டு அங்கேயே அமர்வேன். ஒருநாள் உள்ளிருந்து குரல் வந்தது.

"இஞ்சாரும்... நீர் வைக்கிற சூரைமீன் குழம்பு மாதிரி ஊரிலை ஒருத்தராலையும் வைக்க ஏலாது."

மணமான பின் நான் கேட்ட முதற் புகழ்ச்சி!

"குழம்பையோ நினைக்கிறியள், என்னையோ?"

நெடுநேரம் இருமினார். "காய்ச்சற்காரனிட்டைக் கேக்கிற கேள்வியே இது?"

அதன்பின் நாள்தோறும் கதைத்தார். கப்பல்களில் தொடங்குவார், சூரையில் முடிப்பார். கதவுக்கு இப்பால் நான் மகிழ்ந்திருந்தேன். ஆனால் ஐயம் தீரவில்லை.

நோய் நீங்கித் தலைமுழுகினார். வேப்பிலை இறங்கியது, சூரைக் குழம்பு கொதித்தது. உண்டார், கை கழுவினார், எழுந்தார். ஒரு சொல் இல்லை!

மறுநாளே, அவர் பிழைத்ததற்கு நன்றியாக வீட்டில் மீன் சமைப்பதில்லை என விரதம் பூண்டேன். பக்தியிற் குறைவில்லை, கலந்திருந்த குறும்பை அம்மன் அறிவாள். மாமியார் பூரித்துப் போனதால் மகன் மறுத்துப் பேச வழியில்லை. பூசணிக்காயும் கீரையுமாக நாட்கள் நகர, அவர் குசினி வாசலில் வந்து நிற்கலானார். பின்பு கதிரையையே உள்ளே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"விரதம் எப்ப முடியும்?"

"மீனுக்கு அவ்வளவு அவதியோ?"

முதன்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். "மீன் கிடக்கட்டும். அறைக்குள்ளை கிடக்கேக்கை குழம்பைப் பற்றிக் கதைச்சது, நீர் எழும்பிப் போகாமல் இருக்கத்தான். வேறை என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

விரதம் அக்கணமே நிறைவெய்தியது. மறுநாட் காலை, சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்த மீன்காரரை நானே தெருவில் இறங்கி மறித்தேன்.

இதை வாசிப்போர் யாவரும் நோயின்றி வாழ்க. நெஞ்சிலுள்ள அன்பைக் காய்ச்சல் வராமலே சொல்லும் வாய் அவர்களுக்கு வாய்ப்பதாக!