குளிருக்கு இனித்த முள்ளங்கி

மாடுகள் குளிரில் விறைத்துச் செத்த வருசத்தில்தான் சாமித்தம்பி அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன். இந்த மார்கழியில், போன வெள்ளி காலை, அவருடைய மருமகன் வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"மாமா போயிட்டார். மாமி உங்களையும் வரச் சொன்னவ."

என்னை ஏன் என்றுதான் முதலில் தோன்றியது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நாவற்குடாவில் எங்கள் இருவர் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. அண்ணன் விடியற்காலையில் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக் கடிப்பார். காரமென்றால், "இன்னும் குளிர் காணாது" என்று மற்றதைப் பிடுங்காமல் விடுவார்.

அந்த வருசம் காற்றும் மழையும் வருகிறதென்று கேட்டதும், அழுகிவிடுமென்று பயந்து நான் எல்லாவற்றையும் பிடுங்கி விற்றேன். அவர் விட்டுவைத்தார். குளிர் விட்டபிறகு அவர் பிடுங்கியதை, காத்தான்குடி வியாபாரி யூசுப் நானா கிணற்றடியிலேயே கடித்துப் பார்த்தார்.

"அல்லாவே, இது முள்ளங்கியா, கரும்பா?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க தந்தது நாக்கச் சுட்டிச்சே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மருந்து போட்டீங்க? நானாவுக்கும் சொல்லுங்க" என்றேன் அண்ணனிடம். அண்ணனின் மனைவி நேசம்மா அக்கா வாளியோடு அப்படியே நின்றார்.

"மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல" என்றார் அண்ணன். "குளிரத் தாங்கிறதுக்குப் பயிர் தனக்குள்ள இனிப்பச் சேர்க்கும், தம்பி. நீ அதுக்கு நாள் குடுக்கல்ல."

நான் நம்பவில்லை. மறுநாள் வேலியோரம் எழுத்துப் போட்ட வெறும் பைக்கட்டு உறை ஒன்று கிடந்தது. மருந்துப் பைக்கட்டுத்தான் என்று எடுத்துப் பெட்டியில் வைத்தேன். மகளிடமும் காட்டவில்லை. அவரைப் பெரியப்பா என்பவள், மாற்றி வாசித்துவிடுவாள் என்று நினைத்தேன். அண்ணனோ ஒவ்வொரு குளிருக்கும் என் வேலிக்கம்பில் ஒரு கட்டு முள்ளங்கி தொங்கவிடுவார். மாட்டுக்குப் போட்டேன்.

செத்த வீட்டுக்கும் அந்தப் பைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டே போனேன். என்ன மருந்தென்று வாசிக்கச் சொல்லி மருமகனிடம் நீட்டினேன்.

"முள்ளங்கி விதை எண்டு கிடக்கு" என்றார் அவர்.

நேசம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "மாடு செத்த வருசத்துப் பைக்கட்டெல்லோ இது? பாதியக் கடதாசியில சுருட்டி உங்களுக்குத்தானே அவர் தந்தவர், தம்பி?"

தந்தார். நினைவிருக்கிறது. நான் விதைத்ததும் அதைத்தான்.

அண்ணன், போய்வாருங்கள். இந்த மார்கழியில் ஒரு பாத்தியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். பனி பெய்கிறது. முதல் முள்ளங்கியைக் கையில் கொடுத்து, இனிப்புக்குக் காரணம் குளிர்தான் என்று நான் ஒத்துக்கொள்ள, அன்று கிணற்றடியில் என் பேச்சைக் கேட்டவர் ஒருவர் வேண்டும். யூசுப் நானா முன்னமே போய்விட்டார். இனி இருப்பது நேசம்மா அக்கா மட்டும்தான்.