சார்ப்ரூக்கனில் கை நனைத்த கதை

சென்ற புரட்டாசியில் நானும் என் கணவரும் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகருக்கு ஐந்து நாள் போய் வந்தோம். நாங்கள் வசிக்கும் கனடாவின் மான்ட்ரியலில் இந்தப் பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் சார்லாந்து என்றொரு குட்டி மாநிலம், அதன் தலைநகர் இது. ஊர் முடிகிற இடத்தில் பிரான்ஸ் தொடங்கிவிடும். கிளம்புவதற்கு முன் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தெரிந்தவர்களிடம் "ஊர் பார்க்கப் போறோம்" என்று சொல்லியிருந்தேன். அதில் பொய் இல்லை. எங்கள் ஒரே பெண் மீரா மூன்று வருடங்களுக்கு முன் அங்கே கம்ப்யூட்டர் மேல்படிப்புக்குப் போனாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்தது. போன கோடையில் ஃபோன் செய்து, கூட வேலை பார்க்கும் டிலக்சனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன், பெற்றோர் மட்டக்களப்பு. நாங்கள் திருச்சி. வீடியோவில் பேசிப் பார்த்ததில் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் ஊர் மேல்தான். கல்யாணம் ஆகிவிட்டால் மீரா அந்த ஊர்க்காரி ஆகிவிடுவாள், நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை விமானம் ஏறும் விருந்தாளிகள் ஆகிவிடுவோம். ஊரை என் கண்ணால் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று இவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நான் மான்ட்ரியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கிளம்புவதற்கு முதல் நாள், கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ராஜி ஒன்று சொன்னாள்: "போற இடத்தில வடிவாச் சாப்பிடுங்கோ அக்கா. சாப்பிடாட்டிக் குறையா நினைப்பினம்." நன்றாகச் சாப்பிடும்படி அக்கறையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன். அதை அங்கேயே இரண்டு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.

முதலில் வழி. மான்ட்ரியலிலிருந்து சார்ப்ரூக்கனுக்கு நேர் விமானம் கிடையாது. ஃப்ராங்க்ஃபர்ட் போய் ரயில் பிடிக்கலாம், பாரிஸ் போயும் பிடிக்கலாம். எங்களுக்குப் பாரிஸ் மலிவாக அமைந்தது. போக வர ஆளுக்கு 980 டாலர், ஏழு மணி நேரப் பயணம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ரயிலில் ஆளுக்கு 13 யூரோ. வடக்கு நிலையத்தில் இறங்கி கிழக்கு நிலையத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம், பத்து நிமிடம்தான். படிக்கட்டு ஒன்று உண்டு. முழங்கால் வலி இருப்பவர்கள் சுற்றிப் போங்கள். கிழக்கு நிலையத்திலிருந்து சார்ப்ரூக்கனுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆறு வாரம் முன்னதாக எடுத்ததால் சீட்டு 39 யூரோ. எல்லை தாண்டியதும் இரண்டு போலீஸ்காரர்கள் பெட்டிக்குள் வந்து பாஸ்போர்ட் பார்த்தார்கள், கையில் தயாராக வைத்திருங்கள்.

நிலையத்துக்கு மீராவும் டிலக்சனும் வந்திருந்தார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டல், காலை உணவோடு இரவுக்கு 92 யூரோ. அறை சின்னது, ஆனால் சுத்தம். நான் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஊரைச் சுற்றினோம். சார் ஆற்றின் இரண்டு பக்கமும் ஊர். ஒரு கரையில் கடைவீதியும் சந்தைச் சதுக்கமும், மறு கரையில் கோட்டை போன்ற ஒரு அரண்மனை. அரண்மனையின் நடுப்பகுதி மட்டும் புதிதாகக் கண்ணாடியில் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் நிறையக் கற்களின் அடிப்பக்கத்தில் நாஜிகள் காலத்துக்கு முன் ஜெர்மனியில் இருந்த யூத இடுகாடுகளின் பெயர்களைச் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். மேலே நடக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, யாராவது சொன்னால்தான் உண்டு. எங்களுக்கு டிலக்சன் சொன்னான். இங்கிருந்து நடந்தே போய் லுட்விக் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம், உள்ளே முழுக்க வெள்ளை. உள்ளே போகக் கட்டணம் வாங்கவில்லை.

குறைகளும் எழுதிக்கொண்டேன். ஆற்றை ஒட்டியே நெடுஞ்சாலை போகிறது, கரையில் உட்கார்ந்தால் லாரிச் சத்தம். ஊர் சின்னது, எங்கள் மான்ட்ரியலின் லாசால், வெர்டன் பகுதிகளைச் சேர்த்தாலே கிட்டத்தட்ட முழு ஊரும் வந்துவிடும். கோயிலுக்குக் காரில் போக வேண்டும். மீராவின் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. "பனி மட்டும் இங்க கம்மிம்மா" என்றாள் மீரா. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் டிலக்சனின் வீட்டுக்குப் போனோம். ஊரின் மேற்கே புர்பாக் என்கிற பகுதி, நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அப்பா யோகன் அதே ஊரில் பஸ் ஓட்டுகிறார், அம்மா மலர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்கள். மேசையில் எட்டு ஒன்பது கறி, ஒரு தட்டு வடை. அத்தனையும் சைவம், நடுவில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தயிர்.

"வாங்கக்கா, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடுவம்" என்றார் மலர்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை கை நனைக்க மாட்டோம். காப்பி குடிக்கலாம், சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். உட்காராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமில்லை, இன்னும் யோசிக்கிறோம் என்றுதான். இரண்டு தரப்பும் இதைப் புரிந்துகொண்டு காப்பியோடு பேசிக்கொண்டிருக்கும். நான் ஊரை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. ஆகவே, "புரட்டாசி சனிக்கிழமை, விரதம். தப்பா நினைச்சுக்காதீங்க, காப்பி மட்டும் போதும்" என்றேன். வடைக்கு நீண்ட இவருடைய கை பாதி வழியில் நின்று திரும்பியது.

மலர் எடுத்த கரண்டியைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு, "ஓம், விரதம் எண்டால் என்ன செய்யிற" என்று சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றினார். ஒரு மணி நேரம் நல்லபடியாகத்தான் பேசினோம். மீரா மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஓட்டலுக்குத் திரும்பும் வழியில் இவருக்குப் பசி தாங்கவில்லை. எனக்கும்தான். சந்தைச் சதுக்கத்தில் வெளியே மேசை போட்டிருந்த ஒரு கடையில் பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் வாங்கினோம், 13 யூரோ, இரண்டு பேருக்குத் தாராளம். பாதி சாப்பிட்டிருப்போம், பக்கத்தில் டிலக்சன் வந்து நின்றான்.

"அன்ரி, குடைய வீட்டில மறந்திட்டீங்க. ஓட்டல்ல குடுக்கலாம் எண்டு வந்தன்."

குடையை நாற்காலியில் மாட்டினான். என் தட்டைப் பார்த்தான், உடனே வேறு பக்கம் பார்த்தான். "மெதுவாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் தட்டை இவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவ்வளவு வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைவீதி மூடிக்கிடக்கும். அன்றைக்கு ஏற்ற வேலை, நிலையத்துக்கு எதிரே டிராம் ஏறி பிரான்ஸ் போவதுதான். அதே டிராம் ஊரைத் தாண்டி எல்லையையும் தாண்டி சார்கெமின் என்கிற பிரெஞ்சு ஊரில் போய் நிற்கும். அரை மணி நேரம், எங்களுக்கு ஆளுக்கு நான்கு யூரோ சொச்சம். இவர் கால்வலி என்று தங்கிவிட்டார். நானும் மீராவும் போனோம்.

டிராம் ஊரை விட்டு வெளியே வரும்வரை மீரா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு நேரா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நான் எங்கடி வேண்டாம்னு சொன்னேன்? யோசிக்கிறேன்னுதானே..."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க ஊர்ல கை நனைக்கிறது, நனைக்காததுன்னு ஒண்ணும் கிடையாது. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து, போட்ட சாப்பாட்டைத் தொடாம எழுந்து போனா ஒரே அர்த்தம்தான். விரதம்னா நான் முன்னாடியே சொல்லியிருப்பேன்னு அவங்களுக்குத் தெரியாதா? யோகன் அங்கிள் நேத்து ராத்திரி டிலக்சன்கிட்ட, 'அவங்களுக்கு விருப்பமில்லை மகன், வற்புறுத்தாத, விட்டிரு'ன்னு சொல்லிட்டாராம்."

"நூடுல்ஸ் சாப்பிட்டதையும் சொல்லிட்டானா?"

"அவன் சொல்லலை. என்கிட்டகூடச் சொல்லலை. நூடுல்ஸா?" அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "நேத்து சமைச்ச சட்டி, பானை, கரண்டி எல்லாமே புதுசும்மா. அவங்க வீட்டுல மீன் படாத பாத்திரம் ஒண்ணுகூடக் கிடையாது. நீங்க சைவம்னு வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கடைக்குப் போய் மலர் ஆன்ட்டி எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தாங்க. சொல்லக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தாங்க."

இரண்டு நாளாக ஊரில் குறை தேடியிருக்கிறேன். நெடுஞ்சாலை, லிஃப்ட், கோயில். என் பெண் வாழப்போவது ஆற்றங்கரையிலா? அந்த வீட்டாரோடு. அந்த வீடு, இன்னும் பார்க்காத ஒருத்திக்காக மீன் படாத சட்டி வாங்கி வைத்திருக்கிறது. அதை நான் தொடாமல் எழுந்து வந்திருக்கிறேன். டிராமில் எல்லார் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த ஊர்ல இன்னைக்குப் பூ கிடைக்குமா?" என்று கேட்டேன்.

சார்கெமினில் பூக்கடையும் ரொட்டிக்கடையும் பகல்வரை திறந்திருந்தன. சம்மதம் சொல்லப் போகும்போது பூ, பழம், சர்க்கரை, வெற்றிலை பாக்கு வேண்டும். பூ பதினெட்டு யூரோ. பழத்துக்கு, மிராபெல் என்கிற மஞ்சள் பிளம் பழம் வைத்துச் சுட்ட பெரிய டார்ட் ஒன்று, பருவத்தின் கடைசி, இருபத்திரண்டு யூரோ. பழத்துக்குப் பழம், பலகாரத்துக்குப் பலகாரம். சர்க்கரைதான் கிடைக்கவில்லை. நாற்பது வயதில் மான்ட்ரியல் மாலை வகுப்பில் படித்த என் பிரெஞ்சில் ரொட்டிக்கடை அம்மாவிடம் நிலைமையைச் சொன்னேன். என் கெபெக் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரித்தார், கதை முடிந்ததும் உள்ளே போய் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெற்றிலைக்கு வழியில்லை.

ஓட்டலில் இவரைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் புர்பாக் போய் மணியடித்தோம். கதவு திறந்ததும் மீன் குழம்பு வாசனை. எங்களைக் கண்டதும் மலர் பதறிவிட்டார். "ஐயோ அக்கா, இண்டைக்கு வீடெல்லாம் மீன். வாறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

பூவையும் டார்ட்டையும் சர்க்கரையையும் அவர் கையில் கொடுத்தேன். "நேத்து விரதம் இல்லை. எங்க ஊர்ல சம்பந்தம் முடிவாகாம கை நனைக்க மாட்டோம், அதான் சாப்பிடலை. உங்களுக்கு அது வேற மாதிரிப் படும்னு எனக்குத் தெரியலை. மன்னிச்சுக்கோங்க."

யோகன் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார். சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்ப இண்டைக்கு?" என்று கேட்டார்.

"கை கழுவுற இடம் எங்க இருக்கு?" என்றேன்.

நேற்றுத் தொடாத தயிர் குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது. மலர் புதுச் சட்டியை எடுத்து எங்களுக்குத் தனியாகச் சோறு வடித்தார். இவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மலர் அழுதார், நானும் அழுதேன். டிலக்சன் தண்ணீர் ஊற்ற வந்தபோது, "நூடுல்ஸைவிட இது நல்லா இருக்கு" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டான்.

திங்கட்கிழமை ஃபோல்க்லிங்கன் போனோம். மூடிப்போன பழைய இரும்பாலையை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், ரயிலில் பத்து நிமிடம். நுழைவுக் கட்டணம் இருபது யூரோவுக்குள். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஏறி இறங்க நல்ல செருப்பு வேண்டும். சம்பந்தி வீட்டாரும் கூட வந்தார்கள். யோகன் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார், பாதி விளக்கம் கிரிக்கெட்டைப் பற்றி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மூன்று முழு நாள் இருந்தால் ஊரைப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையை டிராமுக்கும் பிரான்சுக்கும் வையுங்கள், சனிக்கிழமையே மளிகை வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு தெரிந்தால் எல்லையோரம் நிறையவே உதவும், உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் கூடச் சிரித்துவிடுங்கள். தமிழர் வீட்டில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், அவர்கள் எந்த ஊர், அங்கே என்ன வழக்கம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கைத் தமிழரோடு இருபது வருடம் ஒரே ஊரில் இருந்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பெட்டியின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆளுக்கு 23 கிலோதான். கிளம்புகிற அன்று காலை மலர் நிலையத்துக்கே வந்து, அந்தப் புதுச் சட்டிகளைத் துணியில் சுற்றி நீட்டினார். "எங்களுக்கு இதில வேலையில்லை அக்கா, நீங்க கொண்டு போங்க." இவர் பெட்டியைத் திறக்கவே போய்விட்டார். நான் தடுத்தேன்.

"உங்க வீட்டிலேயே இருக்கட்டும் மலர். இனிமே நாங்க வந்தா எதுல சாப்பிடுறது?"