பஞ்சு பத்தலை

கழுத்து, தோள், கைக்குழி, மார்பு, இடுப்பு, கை நீளம் என்று எல்லா இடத்திலும் டேப் வைத்துப் பார்க்காமல் நான் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு நழுவப் பார்க்கிறவர்களையும் விடுவதில்லை. "அது போன வருசத்து ஒடம்புங்க, இப்பிடி வந்து நில்லுங்க" என்று நிறுத்தி அளந்துவிடுவேன். இதனால் அதியமான்கோட்டையில் எனக்குக் கறார்க்காரி என்று பெயர். இருக்கட்டும். கை தூக்கினால் கக்கத்தில் பிடிக்கிற ஜாக்கெட்டோடு ஒரு கல்யாணத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் அருமை தெரியும்.

இப்படிப்பட்டவளின் கக்கத்துக்கே அளவில்லாத சாமான் ஒன்று வந்து சேர்ந்தது.

சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனதிலிருந்து எனக்கு நடை என்றால் இரண்டு அக்குள் கட்டைகள்தான். கடைசியாக வைத்திருந்த மரக்கட்டை ஜோடி வெகுகாலம் உழைத்துவிட்டு ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு முகாமில் அலுமினியக் கட்டை கொடுத்தார்கள். மேடை ஏற்றி, விருந்தினர் கையால் கொடுத்து, போட்டோ எடுத்து, கைதட்டி இறக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் வாங்கியவர் பனைமர உயரம். பின்னால் வாங்கிய பெண் என் தோளுக்குத்தான் வருவாள். எல்லோருக்கும் ஒரே கட்டை. "பட்டன அழுத்துனா ஏறும் எறங்கும், வூட்ல போயி செட் பண்ணிக்குங்க" என்றார் மைக் பிடித்தவர். ஜாக்கெட்டை நான் அப்படிக் கொடுத்தால் என் முகத்திலேயே விட்டெறிவார்கள்.

வீட்டில் செட் பண்ணியவர் என் வீட்டுக்காரர். ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லாரிச் சக்கரத்தையே கழற்றி மாட்டுகிறவருக்கு இது ஒரு வேலையா? பட்டனை அழுத்தினார், மேலே இழுத்தார், டக்கென்று மாட்டினார். "இந்தா, நட" என்றார்.

"ஒசரமா இருக்குதுங்க. கக்கத்துல இடிக்குது."

"இடிக்கட்டும். நீ எப்பவும் குனிஞ்சிக்கினே நடக்கற புள்ள. எனக்குப் பாக்கவே சங்கடமா இருக்குது. இதுல நிமிந்து நடப்ப பாரு."

நிமிர்ந்துதான் நடந்தேன். வேறு வழியில்லை, தொங்கவிட்ட சட்டை மாதிரி கட்டையின் மேல் மாட்டிக்கொண்டு நடந்தேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டதுதான் வினை.

நாலு நாள் போனதும் கக்கம் சிவந்து எரிந்தது. அழுத்துகிறது என்று சொன்னேன். "பஞ்சு பத்தலை" என்றார். கடையில் கிடந்த பைக் சீட் ஒன்றைக் கிழித்து, ஸ்பாஞ்சை வெட்டிக் கட்டைத் தலையில் வைத்துக் கட்டினார். ஒரு வாரம் சுகமாக இருந்தது. பிறகு மறுபடியும் அழுத்தியது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "பஞ்சு பத்தலை". இந்தத் தடவை ஸ்பாஞ்சுக்கு மேல் பழைய ட்யூபை நறுக்கிச் சுற்றினார். வெயிலில் அந்த ட்யூப் இளகி ஜாக்கெட்டில் கறுப்பாக ஒட்டியது. அதற்கு மருந்தாக மாமியார் தன் பழைய நூல் சேலையைக் கிழித்து அதன் மேல் சுற்றினார். சேலை வியர்வையில் நாறியது. அதற்கு மருந்தாக ஒரு டர்க்கித் துண்டு. நான் ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் கட்டைக்கு ஒரு சுற்றுத் துணி ஏறியது.

வீட்டில் இப்படி என்றால் வெளியே கேட்கவே வேண்டாம். லைனிங் துணி வாங்கத் தருமபுரிக்கு பஸ் ஏறினால், காலித் தக்காளிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிலிருந்து கண்டக்டர் வரை எல்லோரும் கட்டை நிபுணர்கள். "இலவம்பஞ்சு வெச்சிக் கட்டுங்கம்மா, மெத்து மெத்துனு இருக்கும்" என்பார் ஒருவர். "தேங்கா நாரு வைங்க, சூடு புடிக்காது" என்பார் இன்னொருவர். எங்கே வலிக்கிறது என்று ஒரு மனிதர் கேட்டிருப்பாரா? கட்டையைத்தான் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க மாட்டார்கள்.

மாமியாரின் கவலை வேறு. வீதியில் நடந்த கட்டை வீட்டுக்குள் வரலாமா? செருப்பை வாசலில் விடுகிறோம், கட்டையை எப்படி விடுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நான் படியேறும்போது ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து கட்டையின் அடி ரப்பரைக் கழுவிவிடுவார். ஈர ரப்பரை டைல்ஸ் தரையில் ஊன்றினால் என்ன ஆகும் என்று அவரும் சில தடவை பார்த்துவிட்டார். "பாத்து வெய்யி கண்ணு" என்பார். கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலோடு குடித்தனம் பண்ணலாம். பயம் புரட்டாசியில் ஆரம்பித்தது.

தீபாவளித் துணி வந்து குவியத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் பட்டுத்துணியை வெட்டும்போது கத்தரி மூடியது, திறக்கவில்லை. கத்தரியில் கோளாறு இல்லை. என் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிய மறுத்தன. உதறிவிட்டு இடது கையால் பிரித்துவிட்டேன். பிறகு அது தினமும் வந்தது. ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தடவிப் பார்த்து இது பட்டு, இது பாலியஸ்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற விரல், இரண்டும் ஒன்றுதான் என்றது.

வீட்டில் சொன்னேன். எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

"ராவும் பகலும் கத்தரி புடிச்சா வேற என்னாவும்? தையல வுட்டுடு கண்ணு. உக்காந்து சாப்பிடு, நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். கால் போன பிள்ளை என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய ஊர், தையல்காரி என்று கூப்பிடத் தொடங்கியது இந்தக் கையால்தான். கையும் போனால் மறுபடி உச்சுக்கொட்டும். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

காலையில் நான் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கட்டைகளைக் காணோம். பூஜை அறையில், ஸ்பேனர், ஜாக்கி, மண்வெட்டி, என் தையல் மெஷின், கத்தரி எல்லாவற்றோடும் வரிசையாகச் சாத்தியிருந்தன. துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சாமந்திச் சரமும் சுற்றியாகிவிட்டது.

"ஏங்க, கட்டையக் கொண்டாங்க."

"பூசைல வெச்சாச்சே புள்ள. இன்னிக்கி எடுக்கக் கூடாதில்ல" என்றார்.

"அது ஆயுதமாங்க? என் காலுங்க!"

"அதனாலதான் மொத சந்தனமே அதுக்கு வெச்சன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அப்ப பாத்ரூமுக்கு?"

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை. "நான் எதுக்கு இருக்கறன்?" என்று மார்தட்டியவர், அடுத்த நிமிஷம் கடையில் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார். மாமியார் வயதானவர், அவர் தோளில் என் பாரத்தைப் போட முடியாது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்னால் தள்ளித் தள்ளிப் போய்வந்தேன். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்த இடம்தான். கட்டையும் இல்லை, மெஷினும் இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சரஸ்வதியையும் சேர்த்து மனதுக்குள் திட்டினேன்.

சாயங்காலம் பூஜை முடிந்து பொரி, கடலை, வெல்லத்தைக் கலந்து கையில் கொடுத்தார்கள். வாயில் போடப்போனவள் நிறுத்திவிட்டேன். பொரி விரலுக்குத் தெரிந்தது. மரத்த விரலுக்குத் தெரிகிற மாதிரி மொத்தையாக அல்ல, ஒவ்வொரு பொரியாக, நடுவில் கடலைத் தோலின் சொரசொரப்போடு தெரிந்தது.

"கை தேவலையா இருக்குதுங்க!" என்று கத்தினேன்.

"பாத்தியா? ஒரு நாள் தைக்கல, கை தேவலையாயிடுச்சி" என்றார் மாமியார்.

"நடக்கவும்தான் இல்ல, அத்தே."

"நடந்தா கால்தான வலிக்கும், கை எதுக்கு மரத்துப்போவுது?" என்று மகன் எடுத்துக் கொடுத்தார். தர்க்கம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பொறி தட்டிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. எல்லாச் சாமானையும் எடுத்துக்கொள்ளலாம். நான் மெஷினை மட்டும் கேட்டேன். கட்டைகள் மாலையோடு அங்கேயே இருக்கட்டும் என்றேன். முதல் நாள் கட்டைக்காகச் சண்டை போட்டவள் மறுநாள் வேண்டாம் என்றதும் அவருக்குத் தலை சுற்றியது. "என்னா புள்ள, வெளையாடறியா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுவதும், வீம்புக்கே, தேவைக்கு மேல் வெட்டினேன், தைத்தேன். கை முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. அடுத்த நாள் கட்டை எடுத்துக் கடைத்தெரு வரை போய்வந்தேன். வாசலுக்குத் திரும்புவதற்குள் விரல் மரக்கட்டையாகிவிட்டது.

அவரைப் பேசவிடாமல் இழுத்துக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். கட்டைத் தலைக்கும் என் கக்கத்துக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தாள். விரல் நுழைய இடமில்லை.

"யாரு அக்கா இவ்ளோ துணி சுத்தினது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார்.

"கக்கத்துல தொங்கக் கூடாதுக்கா. அங்கதான் கைக்குப் போற நரம்பு ஓடுது. பாரத்தக் கைப்பிடில போடணும். மேல கொஞ்சம் எடம் இருக்கணும். நீங்க சுத்தச் சுத்த கட்டை ஒசந்துக்கினே போயிருக்குது." பிறகு என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தூக்கச் சொன்னாள். "நல்லவேளை இப்பவே வந்தீங்க. இன்னும் உட்டிருந்தா கை தொங்கிப்போயிருக்கும். இப்பவும் முழுசாத் திரும்ப நாளாகும், பொறுமையா இருங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து கட்டையில் சுற்றியதையெல்லாம் பிரித்தார். டர்க்கித் துண்டு, சேலை, ட்யூப், ஸ்பாஞ்சு என்று மடியில் ஒரு குப்பைமேடு சேர்ந்தது. பட்டனை அழுத்திக் கட்டையையும் இறக்கினார். "ஒனக்கு நல்லதுனுதான் பண்ணன் புள்ள" என்றார். தெரியும். அதுதான் தொல்லையே. கெட்டது பண்ணுகிறவரை நாலு வார்த்தை கேட்கலாம், இவரை என்ன கேட்பது? ஆனாலும் கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்குப் பாதித் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் போனவர்கள் உச்சுக்கொட்டினார்கள், நான் பயந்தபடியே. மெலிந்த கட்டையைப் பார்த்தவர்களோ, "அய்யோ, மொட்டையா இருக்குதே, எதாச்சும் சுத்தக் கூடாதா?" என்று பழைய பல்லவியை எடுத்தார்கள். கத்தரி சில நாள் திறந்தது, சில நாள் திறக்கவில்லை. விரல் திரும்புமா, இவ்வளவுதானா என்று தினமும் விடிந்ததும் போர்வையைத் தடவிப் பார்ப்பேன். பிடிபடாது.

கார்த்திகை முடிகிற சமயம் அலுமினியக் கட்டையில் பட்டன் துளை தேய்ந்து ஆட்டம் கண்டது. மரத்திலேயே செய்துவிடலாம், ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன் என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என் மெஷின் மேசையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"எதுக்குங்க அது?"

"அளவெடுக்க வாணாமா? செருப்ப மாட்டு. வெளிய செருப்போடதான நடக்கற?"

செருப்பை அவராக யோசித்தார். அதை இங்கே எழுதிவைக்காவிட்டால் பாவம். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் சொம்பைத் தேட ஆரம்பித்ததால் வாசலுக்குப் போனோம். அங்கே அடுத்த சிக்கல். கட்டையில்லாமல் நான் நிற்க முடியாது. கட்டையோடு நின்றால் கக்கத்தை அளக்க முடியாது. கடைசியில் அவர் என்னை எதிரே நின்று இடுப்போடு தாங்கிப் பிடித்துக்கொண்டார். மாமியார் டேப்பின் ஒரு நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியை என் கக்கத்துக்கு இழுத்தார். டேப் முறுக்கியிருந்தது, தலைகீழாகவும் இருந்தது. வீதியில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நிமிந்து நில்லு புள்ள!"

"நிமிந்துதாங்க நிக்கறன்! அத்தே, டேப்பத் திருப்புங்க. எழுத்து இருக்கற பக்கம்!"

"எந்தப் பக்கம் கண்ணு? ரெண்டு பக்கமும் எழுத்து இருக்குதே!"

விழாமலிருக்க வலது கையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பிடித்திருந்தேன். கத்திக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். என் ஆள்காட்டி விரலுக்கு அடியில் அவருடைய சட்டைக் காலர் இருந்தது. மடிப்பு நைந்து, நூல் பிரிந்து, விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸ் வெளியே எட்டிப் பார்த்தது. கண்ணால் பார்க்கவில்லை. அது அவர் பிடரிப் பக்கம், எனக்குத் தெரியாத இடம். விரல் சொன்னது. இது டெர்ரிகாட்டன், இது கேன்வாஸ், இது அறுந்த நூல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது.

"என்னாச்சி? வலிக்குதா? எங்க வலிக்குது?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்ல. அசையாம நில்லுங்க, அளவெடுக்கட்டும்" என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன்.